மங்கில் கட்டிய பால்

எங்கள் பள்ளியில் மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒரு கோப்பு இருக்கும். நீல அட்டை, உள்ளே பிளாஸ்டிக் உறைகள், உறைக்கு ஒரு சான்றிதழ். ஐந்தாம் படிவம் முடிக்கும்போது சிலருடைய கோப்பு மூட முடியாத அளவுக்குப் புடைத்திருக்கும். சிலருடையது முதலாம் படிவத்தில் வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே தட்டையாகக் கிடக்கும். பெற்றோர் சந்திப்பு நாளில் அம்மாக்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் நேராகப் பள்ளிக்கு வந்தவர்களும் அவர்களில் உண்டு.

அந்தக் கோப்பை நான் மட்டம் தட்ட மாட்டேன். இங்கே மலேசியாவில் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடும்போது கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. அந்தப் பத்துக்காகத்தான் சீருடை இயக்கம் ஒன்று, கழகம் ஒன்று, விளையாட்டு ஒன்று என்று பிள்ளைகள் ஐந்து ஆண்டுகள் ஓடுகிறார்கள். பள்ளி அளவில் கலந்துகொண்டால் ஒரு புள்ளி, மாவட்டம் என்றால் கூட, மாநிலம், தேசியம், அனைத்துலகம் என்று போகப் போக இன்னும் கூட. தனியார் கல்லூரிக்குப் பணம் கட்ட வழியில்லாத வீட்டில் அந்தக் கோப்பு வங்கிக் கணக்குப் புத்தகம் மாதிரி. அலமாரியில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள்.

ஆனால் போன ஆண்டு என் பிள்ளைகள் செய்த ஒரு வேலை அந்தக் கோப்பின் எந்த உறைக்குள்ளும் சரியாக உட்காரவில்லை. பதினேழு ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறேன். மாணவர்கள் இவ்வளவு ஆசையாக, இவ்வளவு ஆழமாக ஒன்றைக் கற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை. அதை எங்காவது எழுதி வைக்க வேண்டும். அதனால்தான் இது.

நான் இருப்பது தென் செபராங் பிறையில், பினாங்கின் பெருநிலப் பக்கம். தீவைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுவார்கள். எங்கள் பக்கம் தோட்டங்களாக இருந்து, தாமான் என்னும் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய ஊர்கள். என் பள்ளி ஒரு தேசிய இடைநிலைப்பள்ளி. தமிழ்ப்பள்ளிகள் பினாங்கு மாநிலத்தில் 28 இருக்கின்றன. ஆறாம் ஆண்டோடு அது முடிந்துவிடும். இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் பெரும்பாலான பாடங்கள் மலாயில். தமிழ் ஒரு பாடம் மட்டும். அதுவும் பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. ஆகவே ஆண்டுத் தொடக்கத்தில் எனக்கு முதல் வேலை தலைகளை எண்ணுவதுதான். ஒருவர் குறைந்தால் வீடு தேடிப் போய்ப் பேசியிருக்கிறேன்.

இந்த நாட்டில் தமிழ் வகுப்பு பிறந்ததே பினாங்கில். ஹட்சிங்ஸ் பாதிரியார் 1816இல் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் அதே ஆண்டு தமிழுக்கும் ஒரு வகுப்பு திறந்தார்கள். 2016இல் தமிழ்க்கல்விக்கு இருநூறு ஆண்டு என்று கொண்டாடினோம் இல்லையா, அந்தக் கணக்கு இங்கிருந்து வந்ததுதான். அந்தக் கொண்டாட்டத்துக்கு நானும் மாணவர்களை அழைத்துப் போனேன். திரும்பி வந்து மறுபடியும் தலைகளை எண்ணினேன்.

என் வகுப்பு சனிக்கிழமை காலை எட்டரைக்கு. கால அட்டவணைக்குள் இடம் இல்லை. நான்காம் படிவமும் ஐந்தாம் படிவமும் சேர்ந்து பத்தொன்பது பேர். ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம்.மில் தமிழுக்கு ‘ஏ’ கிடைப்பது கஷ்டம் என்று பயந்து நான்காம் படிவத்திலேயே விட்டுவிடுபவர்கள் நிறைய. அதையும் மீறி, சனிக்கிழமைத் தூக்கத்தையும் விட்டு வருகிற பத்தொன்பது பேர்.

தொடங்கியது ஒரு கட்டுரையில். ‘என் பாட்டி’ என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். பதினெட்டுத் தாள்களில் பாட்டி அன்பின் திருவுருவம், தியாகச் சுடர், பல்லில்லாப் பொக்கை வாய்ச் சிரிப்பு. எல்லாம் பயிற்சிப் புத்தகத்துப் பாட்டிகள். ஒரு தாளில் மட்டும், ‘என் பாட்டி விடியற்காலை நாலரைக்குப் பெரட்டுக்குப் போவார்’ என்று இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘பெரட்டு’ என்ற சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் ‘அணிவகுப்பு’ என்று எழுதினேன்.

அந்தப் பெண் தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். “டீச்சர், பாட்டி அப்படித்தான் சொல்வாங்க. அணிவகுப்புன்னு சொன்னா அவங்களுக்கே புரியாது.”

என் அம்மாவும் அப்படித்தான் சொல்வார். விடியலில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில். பெரட்டு மணி அடித்ததும் எழுந்து பால்வாளியைத் தேடிய ஒரு பெண்ணின் மகள் நான். என் அம்மாவின் சொல்லுக்கு அடியில் நானே சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். அன்று வகுப்பு முடிந்து வீட்டுக்குக் காரோட்டிப் போகும்போது வழியெல்லாம் அதுதான் மனதில் ஓடியது.

அடுத்த சனிக்கிழமை பாடத்திட்டத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னேன்: ஆளுக்குப் பத்துச் சொல் கொண்டு வாருங்கள். பாட்டியோ தாத்தாவோ தோட்டத்தில் பேசிய சொல். அகராதியில் பார்க்கக் கூடாது. திருத்தக் கூடாது. அவர்கள் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே எழுத வேண்டும்.

ஒரே சொல்லைப் பலர் கொண்டு வந்திருந்தார்கள். அவற்றைக் கழித்தும் முதல் வாரமே அறுபதைத் தாண்டியது. பெரட்டு, லயம், நிரை, தீம்பார், சடக்கு, மங்கு, காண்டா, ஒட்டுப்பால், கட்டிப்பால், ஆயாக்கொட்டகை, கிராணி, தண்டல், கங்காணி. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் ஆள் நின்றார். ஆயாக்கொட்டகை என்று எழுதி வந்த பையனின் பாட்டி, பால் வெட்டப் போகும்போது தன் இரண்டு மாதக் குழந்தையை அங்கே தூளியில் போட்டுவிட்டுப் போனவர். பத்து மணிக்குப் பால் கொடுக்க ஓடி வர வேண்டும். வேலையை மேற்பார்க்கும் தண்டல் முறைப்பார். அந்தக் குழந்தைதான் இந்தப் பையனின் அப்பா. அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் மாறியது. வகுப்பில் யாரும் பேசவில்லை.

சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினோம். இது நான் எதிர்பார்க்காத அளவுக்கு அவர்களைப் பிடித்துக்கொண்டது. மங்கு, மலாயின் ‘மங்குக்’. கிண்ணம் என்று பொருள். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் குவளைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காண்டா, தோளில் வாளிகளைத் தொங்கவிடும் கட்டை. அதுவும் மலாய்தான், ‘கண்டார்’. சடக்கு, அதாவது சாலை, வட இந்தியாவின் ‘சடக்’. பெரட்டு ஆங்கிலேயனின் ‘பரேட்’. துரை சொன்னதைக் கங்காணி கேட்டு, கங்காணி சொன்னதைப் பாட்டி கேட்டு, கடைசியில் அது தமிழாகிவிட்டது. ஒரு மாணவி கேட்டாள்: “அப்போ பாட்டிக்கு நாலு மொழி தெரியுமா டீச்சர்? மூணாவது வரைக்கும்தானே படிச்சாங்க?”

தெரியும் என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

சரி, சொல் வந்துவிட்டது, பொருளைப் பார்க்க வேண்டாமா? பிள்ளைகளில் பாதிப்பேர் ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கம் மரம் எங்கே இருக்கிறது? பத்து காவானை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் கரும்பு, பிறகு ரப்பர், அப்புறம் செம்பனை. 2014 மார்ச்சில் இரண்டாவது பாலம் திறந்தது. 24 கிலோமீட்டர், அது கரையேறும் இடம் அங்கேதான். இன்றைக்குத் தொழிற்சாலைகள், அடுக்குமாடிகள், பேரங்காடி. ஒரு மாணவியின் அப்பா வேலை செய்யும் தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடம், அவர் அம்மா பால் வெட்டிய நிரை, அதாவது மர வரிசை, இருந்த இடத்துக்குப் பக்கமாம். மகன் தினமும் அதே மண்ணுக்கு வேலைக்குப் போகிறார். இதை அவர் மகளிடம் அதுவரை சொன்னதில்லை. சொற்களைக் கேட்கப் போன இடத்தில்தான் வெளியே வந்தது.

உதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. எங்கள் பள்ளிக் கெமிஸ்ட்ரி ஆசிரியை மலாய்க்காரர். ஆசிரியர் அறையில் என் மேசையில் கிடந்த சொற்பட்டியலைப் பார்த்து என்னவென்று விசாரித்தார். ‘மங்கு’ என்று படித்துக் காட்டியதும் சிரித்துவிட்டார். அவருடைய மாமாவுக்குக் கெடா மாநில எல்லை தாண்டி, கூலிம் பக்கம் ரப்பர் சிறுதோட்டம் இருக்கிறது. மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றவர், அன்று மாலையே அனுமதி வாங்கிவிட்டார்.

மூன்று கார்கள், ஒரு வேன். காலை ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கூடவே ஒரு பாட்டி. ஆயாக்கொட்டகைப் பையனின் பாட்டி. எழுபத்து நான்கு வயது. தோட்டத்தை விட்டு வந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. கத்தியைக் கையில் கொடுத்தபோது, “மறந்து போயிருக்கும் தாயி” என்றார். மரத்துக்கு முன்னால் போய் நின்றார். பட்டையை இடது கையால் ஒருதரம் தடவினார். பிறகு அந்தக் கை எப்படி ஓடியது என்பதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். நான் வர்ணித்தால் சரியாக வராது. ஒரே சீராக, நாடா உரிவது போல மெல்லிய தோல் சுருண்டு விழுந்தது. கோட்டின் மேல் வெள்ளை வெள்ளையாக முத்துக் கோத்தது.

“இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ. அப்படித்தான் எறங்கணும். மாத்தி வெட்டுனா பால் கம்மி.”

“ஏன் பாட்டி?”

“ஏன்னு யாரு சொன்னா? கம்மி, அவ்வளவுதான்.”

உயிரியல் படிக்கும் ஒரு மாணவி கைப்பேசியில் தேடி அங்கேயே வாசித்தாள். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்பதில்லை, லேசாகச் சாய்ந்திருக்கின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால் கூடுதலான குழாய்கள் அறுபடும். பாட்டிக்கு அதைச் சொன்னோம். “அப்படியா?” என்று ஒரு கணம் மரத்தைப் பார்த்தார்.

விடிவதற்கு முன்னால் ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்டார்கள். “வெயில் ஏறுனா மரம் பால மூடிக்கும்” என்றார். இராத்திரியில் இலை வழியாக நீர் அதிகம் போகாது, மரத்துக்குள் அழுத்தம் கூடி நிற்கும், அதனால்தான் விடியலில் பால் வேகமாக ஓடும் என்று பாடப்புத்தகத்தை வைத்து அந்த மாணவியே விளக்கினாள். மழை பெய்தால்? “மழை பேஞ்சா பால் கோட்ட விட்டுட்டுப் பட்டை முழுக்க ஓடிரும். வேல இல்ல. வேல இல்லன்னா அன்னிக்குச் சம்பளமும் இல்ல.” இதற்குப் பாடப்புத்தகத்தில் யாரும் எதையும் தேடவில்லை.

ஆழமாக வெட்டினால் பால் கூடும், ஆனால் உள்ளே இருக்கும் தண்டைக் கத்தி தொட்டுவிடக் கூடாது, தொட்டால் அந்த இடத்தில் மரம் புடைத்துப் போகும், பிறகு அங்கே வெட்டவே முடியாது. தோலுக்கும் தண்டுக்கும் நடுவே அந்தச் சின்ன இடைவெளியில், இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்கள், ஒவ்வொரு நாளும். படிக்காதவர் வேலை என்று நாம் சொல்லிப் பழகிய வேலை இது. எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

பாலை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போக வேண்டும். வழியில் கட்டிவிடுமே என்று கவலைப்பட்டோம். “ஸ்டோர்ல ஒரு தண்ணி குடுப்பாங்க. மூக்கப் புடுங்கும். அத ரெண்டு சொட்டு வாளியில விட்டா கட்டாது” என்றார் பாட்டி. பேர் தெரியவில்லை. பின்னால் நின்ற ஐந்தாம் படிவப் பையன் ஒருவன் கத்தினான்: “அமோனியா!”

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெமிஸ்ட்ரியில் முப்பதைத் தாண்டாதவன். வகுப்பில் கடைசி வரிசை. அந்தப் பாடம் தனக்கு ஒத்துவராது என்று தானே முடிவு கட்டியிருந்தான். ஐந்தாம் படிவத்தில் பாலிமர் என்று ஓர் இயல் உண்டு, அதில் ரப்பர் பால் ஏன் உறைகிறது என்பதும் உண்டு. அவன் அதை மனப்பாடம் செய்து மறந்திருந்தான்.

அன்று காலையே பள்ளி ஆய்வுக்கூடத்தில் மூன்று மங்குகளை வரிசையாக வைத்தார்கள். கண்ணாடிக் குவளை இருந்தும், மங்கில்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம். ஒன்றில் பாலோடு அமிலம், ஒன்றில் அமோனியா, ஒன்றில் வெறும் பால். அமிலம் விட்டது கண்ணெதிரே கட்டியது. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. மறுநாள் வந்து பார்த்தால் வெறும் பால் தானாகக் கட்டியிருந்தது. அமோனியா விட்டது மட்டும் பாலாகவே இருந்தது. அந்தப் பையன் எழுந்து மலாயில் விளக்கினான். ரப்பர் துகள் ஒவ்வொன்றைச் சுற்றியும் புரதத் தோல் ஒன்று, அதன் மேல் எதிர்மின்னூட்டம், அதனால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நிற்கும். அமிலம் வந்து மின்னூட்டத்தைச் சமன் செய்தால் துகள்கள் மோதும், தோல் கிழியும், உள்ளே இருப்பது ஒன்றோடு ஒன்று சேர்ந்து கட்டியாகும். அமிலத்தை நாம் விடாவிட்டாலும் பாக்டீரியா கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கும். அமோனியா அதை முறித்துவிடும். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “கழுவாத மங்குல பால் சீக்கிரம் கட்டும்னு பாட்டி சொன்னாங்க. அழுக்குல பாக்டீரியா இருக்கும்ல, அதான்” என்று தமிழில் எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னான். அது புத்தகத்தில் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவன் அவன்தான். கெமிஸ்ட்ரி ஆசிரியை அதை மலாயில் சொல்லச் சொல்லி, தன் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

அடுத்த தேர்வில் அவனுக்கு ஐம்பத்திரண்டு. பாலிமர் கேள்விக்கு முழுப் புள்ளி. மற்ற இயல்களில் பெரிய மாற்றம் இல்லை. கூட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, நடந்தது இவ்வளவுதான்.

இதற்குள் விஷயம் பள்ளியில் பரவியது. நல்ல மனதோடுதான் சொன்னார்கள்: இதை ஓர் அனைத்துலகப் புத்தாக்கப் போட்டிக்கு அனுப்புங்கள், இணையம் வழியாகவே அனுப்பலாம், பிள்ளைகளுக்கு அனைத்துலக நிலைப் புள்ளி கிடைக்கும். குழுவுக்குக் கட்டணம் உண்டு. விசாரித்துப் பார்த்தேன். உண்மையாகவே வேலையை அலசிப் பார்க்கும் போட்டிகள் இருக்கின்றன. நான் விசாரித்தது அப்படித் தெரியவில்லை. முந்தைய ஆண்டு கலந்துகொண்ட பிள்ளைகளிடம் கேட்டேன். நடுவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, தங்கப் பதக்கம் தபாலில் வந்தது என்றார்கள். அந்தப் பதக்கத்தை என் பிள்ளைகள் கழுத்தில் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. முடிவை நானே எடுக்காமல் அவர்களிடமே விட்டேன். நீண்ட நேரம் பேசினார்கள். இறுதியில், மாவட்ட அளவில் நேரில் போய்ப் பேசும் ஒரு போட்டிக்குப் போவோம் என்றார்கள்.

போனார்கள். ஐந்து நிமிடம், மலாயில். நடுவர் ஒருவர், “இதில் நீங்கள் உருவாக்கிய பொருள் என்ன, அதன் சந்தை மதிப்பு என்ன?” என்று கேட்டிருக்கிறார். போட்டியின் விதிப்படி அது சரியான கேள்விதான். பெரட்டுக் கட்டுரை எழுதிய பெண், “நூற்று நாற்பத்து மூன்று சொற்கள்” என்று பதில் சொல்லிவிட்டு நின்றாளாம். பங்கேற்புச் சான்றிதழ் கிடைத்தது. ஆளுக்கு ஓர் உறை நிரம்பியது.

ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். கோபம் இல்லை, களைப்புதான் முகத்தில். “டீச்சர், நாலு மாசம் இதுக்குப் போயிருச்சு. அந்த இன்னொரு போட்டிக்குப் போயிருந்தா தங்கமாவது வந்திருக்கும். எம் பொண்ணுக்கு மெட்ரிகுலேஷன் கெடைக்கலன்னா நான் என்னா பண்றது?” அவருக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. மெட்ரிகுலேஷன் என்பது பல்கலைக்கழகத்துக்கு முன் அரசாங்கம் நடத்தும் படிப்பு. அவர் பயம் பொய்யில்லை. அந்தப் பத்து விழுக்காட்டைக் கண்டுகொள்ளாமல் இருக்கும் வசதி எனக்கு உண்டு, அவருக்கு இல்லை. தமிழ்மொழிக் கழகத்தின் நடவடிக்கையாக இதைப் பதிந்து, பள்ளி அளவில் கிடைக்கக்கூடிய புள்ளியை எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தேன். கூடவே அந்த ஆண்டின் மற்றப் போட்டிகளுக்கும் அவர் மகளைத் தயார் செய்தேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. பதக்கம் வாங்கும் வேலையும் படித்து மனதில் தங்கும் வேலையும் ஒன்றாகவே இருக்கிற மாதிரி நாம் ஏன் ஏற்பாடு செய்யக் கூடாது? வீட்டுக் கிழவியிடம் நான்கு மாதம் உட்கார்ந்து கேட்டு எழுதிய பிள்ளைக்கு, அந்த ஏணியில் ஒரு படியாவது இருக்க வேண்டாமா? தமிழாசிரியர்கள் நாம் பேசிச் செய்ய வேண்டிய வேலை இது. மாவட்டக் கூட்டத்தில் ஒருமுறை கேட்டேன். மறுபடியும் கேட்பேன்.

சேர்த்த சொற்களைப் பொருளோடு தொகுத்த நோட்டை எழுதி முடித்ததும் பாட்டிகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். அவர்களில் பலருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமானின் பொது மண்டபத்தில் ஒன்பது பாட்டிகளும் இரண்டு தாத்தாக்களும் வந்து உட்கார்ந்தார்கள். தேநீர், வடை. ஒவ்வொரு சொல்லாக வாசித்தோம். ‘கட்டிப்பால்: ஒட்டுப்பாலின் வேறு பெயர்’ என்ற இடத்தில் நான்கைந்து குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. அது வேறு, இது வேறு. வெட்டின கோட்டில் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால், மங்கில் கட்டிக் கிடப்பது கட்டிப்பால். “ரெண்டுக்கும் வெல வேற தாயி, ஒன்னா எழுதிப்புட்டீங்களே!” பெரட்டுப் பெண் உடனே அடித்துவிட்டுத் திருத்தி எழுதினாள். இந்த முறை சிவப்புப் பேனா பாட்டிகளின் கையில் இருந்தது. எனக்கு அது எவ்வளவு நிறைவாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

நோட்டை நகலெடுத்து, முதுகில் டேப் ஒட்டி, பள்ளி நூலகத்தில் ஒரு பிரதி வைத்திருக்கிறோம். நீலாம் வாசிப்புத் திட்டத்தில் பிள்ளைகள் படித்த புத்தகங்களைப் பதிய வேண்டும் அல்லவா? போன மாதம் ஆயாக்கொட்டகைப் பையன் நூலகக் கணினியில் இதைப் பதிந்துகொண்டிருந்தான். நான் பின்னால் போய் நின்றேன். தலைப்பு என்ற கட்டத்தை நிரப்பிவிட்டான். ஆசிரியர் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டுவிடுவானோ என்று பார்த்தேன். கொஞ்சம் யோசித்தான். பிறகு தன் பாட்டியின் பெயரை, அடையாள அட்டையில் இருக்கிறபடி முழுதாக, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான்.

“மத்தப் பாட்டிங்க பேரையும் போட எடம் இருக்குமா டீச்சர்?” என்று கேட்டான்.